ஈழத்து மொழியியற் பட்டதாரிகளின் தொழிலும் தொண்டும்

மொழியியல் பயின்றவனுக்கு உத்தியோகம் எங்கே உண்டு என்னும் வினா ஈழத்துப் பெற்றோர் பலருக்கும் இயல்பாக எழுவது. மருத்துவம் கற்றோனுக்கு ஆசுபத்திரி உண்டு. பொறியியல் கற்றோனுக்குத் தெருவும் பாலமும் உண்டு. மொழியின் ஒலிகளையும் சொல்லுருவங்களையும் ஆராய்ந்தோனுக்கெனத் தனிக் கந்தோர் எதுவும் அமைந்ததில்லை. ஆதலின் நம்மவருள் இத்துறை கற்றோர் பெரும்பாலும் தமிழாசிரியராகவே வாழ்ந்தனர். அவர் ஆற்றிய பணியோ பாட அறையைக் கடந்து சென்றது.

இவ்வரிசையில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1903ஆம் ஆண்டு புலோலியிற் பிறந்த இவர், 7ஆம், 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். விபுலானந்த அடிகளுக்குப் பின் 1947 முதல் 1965 வரை இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். சாசனங்களில் இலக்கணத்தோடு ஒவ்வாத வடிவங்கள் பல வரும். பண்டிதர் அவற்றைப் பிழையென்பர். மொழியியலாளர் அக்காலப் பேச்சின் சுவடென்பர். கல்லிற் கண்ட அவ்வுண்மையை அவர் தம் ஊரவர் வாயிலும் கண்டார் போலும்! செந்தமிழே மேடைக்குரியது என எண்ணப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்கள் யாத்து, அவற்றுள் நான்கினை 1940இல் 'நானாடகம்' என வெளியிட்டார். ஆய்வேட்டினும் இந்நாடகங்களே அவர் கற்ற மொழியியலின் முழுப் பயன் எனல் தகும்.

அவர்பின் வந்தோருள் ஆ. சதாசிவமும் ஆ. வேலுப்பிள்ளையும் ஒக்ஸ்போட்டிற் பேராசிரியர் பரோவிடம் பயின்றனர். தனஞ்சயராசசிங்கம் எடின்பரோ சென்று ஒலியியல் கற்றார். சுமேரிய மொழி திராவிட மொழியே என்னும் சதாசிவத்தின் கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றிலர். வேலுப்பிள்ளையின் 'சாசனமும் தமிழும்' 1971இல் வெளிவந்து, பல துறை மாணவர்க்கும் பயன்பட்டது.

பேச்சுத்தமிழையே முழுநேர ஆய்வுப் பொருளாக்கியவர் சு. சுசீந்திரராசா. இவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியற் பேராசிரியரானார். 'உவன்', 'உது' என்பன பள்ளிக் கட்டுரைகளிற் கொச்சையெனச் சிவப்பு மையாற் கோடிடப்படும் சொற்கள். தொல்காப்பியர் அ, இ, உ என மூன்று சுட்டுக் கூறினார். தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்துக் குழந்தையோ எதிரில் நிற்பவரின் கையிலுள்ளதை 'உது' என்றே சுட்டுகிறது. அங்ஙனமாயின் கோடிட்ட ஆசிரியரினும் மாணவனே தொல்காப்பியத்துக்கு அணியன் அன்றோ?

யாழ்ப்பாணச் சமூகத்திற் சாதியும் மொழியும் பின்னிக் கிடக்கும் வகையையும் அவர் ஆராய்ந்தெழுதினார். ஒருவரை 'நீ' என்பதா, 'நீர்' என்பதா, 'நீங்கள்' என்பதா என்பது இலக்கணத்தால் மட்டும் தீர்வதன்று. பலரும் வாய்திறவாத பொருளை அறிவுநெறியில் எடுத்துரைத்தமை சிறிய துணிவன்று.

கிழக்கிலங்கையிலிருந்து வந்த எம். ஏ. நுஃமான் கவிஞராகவும் மொழியியலாளராகவும் பெயர்பெற்றவர். அவர்தம் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) தற்கால எழுத்துத் தமிழை மாணவர்க்கு விளக்குவது.

இவ்வாய்வுகளில் யாழ்ப்பாணப் பேச்சுக்குக் கிடைத்த இடம் வன்னிப் பேச்சுக்குக் கிடைத்திலது. குடாநாடும் பெருநிலமும் பொருந்தும் வாயிலில் அமைந்த பளையில் நின்று நோக்குவார்க்கு இக்குறை நன்கு புலப்படும். தமிழகத்தார் கலிங்கு என்பதை வன்னி உழவர் வான் என்பர். மதகைத் துருசு என்பர். குளங்களோடு பிறந்த இத்தகைய சொற்களை அறிந்த முதியோர் பலர் போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். 2009இன் பின் மீண்டோரும் முன்னிருந்த அயலாரோடு மீண்டாரல்லர். பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர, அவர்தம் பேச்சும் ஒன்றோடொன்று கலக்கின்றது. மொழியியல் கற்று உத்தியோகம் தேடும் இளைஞர்க்கு, ஒலிப்பதிவுக் கருவியோடு வயல்வரம்பிற் செய்யவேண்டிய வேலை இவ்வளவு கிடக்கின்றது. அதற்குச் சம்பளம் கொடுப்பார்தாம் இல்லை.