எண்ணெய் வருவாயில் குடிமக்களின் பங்கு: அலாஸ்காவும் கயானாவும்

எண்ணெயும் எரிவாயுவும் ஈராக் மக்கள் அனைவருக்கும் உரியவை என்று அந்நாட்டின் 2005ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் 111ஆம் பிரிவில் சொல்கிறது. அடுத்த பிரிவு, வருவாயை மக்கள்தொகைக்கேற்ப நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் நியாயமாகப் பிரிக்கச் சொல்கிறது. தனி ஒருவர் கைக்கு என்ன வரும் என்பது பற்றி இரண்டிலும் பேச்சில்லை. எண்ணெய் நாடுகள் பலவற்றில் நிலைமை இதுதான்: ஏட்டில் மக்கள் உடைமையாளர்கள், நடைமுறையில் அரசின் தயவை எதிர்பார்ப்பவர்கள். குடிமக்களுக்கு நேரடிப் பங்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் பங்கைக் கொடுத்துவிட்டு வரியைக் கைவிடும் அரசு, ஒரு கேட்டை நீக்கி இன்னொன்றை வரவழைத்துக்கொள்கிறது. இதற்கு அலாஸ்காவைவிடத் தெளிவான சான்று இல்லை.

புருடோ விரிகுடாவில் 1968இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு குத்தகை ஏலத்தில் மாநில அரசுக்கு ஏறத்தாழ 90 கோடி டாலர் கிடைத்தது. சில ஆண்டுகளில் அது செலவாகியும் போனது. அந்தக் கசப்பின் விளைவாகவே 1976இல் வாக்காளர்கள் அரசமைப்பைத் திருத்தினார்கள். கனிம ராயல்டியில் குறைந்தது கால் பங்கு நிரந்தர நிதியத்தில் சேர வேண்டும், முதலைச் செலவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அப்போதைய ஆளுநர் ஜே ஹாமண்ட் மீன்பிடித் தொழில் செய்தவர், சிறுவிமானம் ஓட்டியவர். பிரிஸ்டல் விரிகுடாவின் சால்மன் செல்வம் வெளியூர்க்காரர்களோடு போய்விடுவதைக் கண்டு, அதில் உள்ளூராருக்குப் பங்கு கேட்டவர். ஆண்டுதோறும் கையில் பணம் வாங்கும் மக்களே நிதியத்துக்குக் காவலாக நிற்பார்கள் என்பது அவர் கணக்கு.

மாநிலத்தில் வாழ்ந்த ஆண்டுகளுக்கேற்பத் தொகை என்றுதான் முதலில் சட்டம் செய்தார்கள். புதிதாய்க் குடியேறியவர்களைத் தாழ்த்தும் அந்த ஏற்பாட்டை 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸோபெல் வழக்கில் செல்லாதென்றது. அதன் பிறகே கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் ஒரே தொகை என்றானது. அவ்வாண்டு ஆளுக்கு 1,000 டாலர். இன்று பலரும் போற்றும் சமபங்கு, நீதிமன்றம் திணித்தது. அதற்கும் அடியில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எண்ணெய்க் குழாய்ப் பாதைக்கு வழிவிட, 1971ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கைகளை 4.4 கோடி ஏக்கருக்கும் ஏறத்தாழ 96 கோடி டாலருக்கும் முடித்துவைத்தது. எல்லோருக்கும் சமம் என்ற பேச்சு தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதை அலாஸ்காவைப் புகழும் நூல்கள் எளிதில் கடந்துவிடுகின்றன.

ஹாமண்டின் கணக்கு ஒரு வகையில் பலித்தது. நிதிய வருவாயின் ஒரு பகுதியை அரசுச் செலவுக்கு எடுக்கலாமா என்று 1999இல் கேட்டபோது 83 விழுக்காட்டினர் மறுத்தார்கள். ஆனால் 1980இலேயே மாநில வருமான வரி நீக்கப்பட்டிருந்தது; ஹாமண்ட் மனமில்லாமல்தான் அதில் கையெழுத்திட்டார். வரி கட்டாதவருக்கு அரசின் வரவுசெலவில் அக்கறை குறைவது இயல்பு. வேலியாக நிற்க வேண்டியவர்கள் தங்கள் பாத்திக்கு மட்டும் வேலியானார்கள். எண்ணெய் விலை சரிந்த 2016இல் ஆளுநர் பில் வாக்கர் பங்குத்தொகையை ஏறத்தாழப் பாதியாக்கி 1,022 டாலரில் நிறுத்தினார். அத்தொகை ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கினால்தான் உண்டு என்று மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதியத்தின் முதலுக்கு அரசமைப்புக் காப்பு இருந்தது, பங்குக்கு இல்லை. முழுத் தொகையும் தருவதாக வாக்குறுதி தந்து வென்று ஆளுநரான மைக் டன்லீவி, 2019இல் மாநிலப் பல்கலைக்கழக நிதியில் சுமார் 13 கோடி டாலரை வெட்டினார். எதிர்ப்புக்குப் பிறகே வெட்டு குறைந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பங்குத்தொகைக்கு மத்திய அரசு வருமான வரி வாங்குகிறது, அதைக் கொடுக்கும் அலாஸ்கா ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை.

பணம் கொடுத்தால் மக்கள் உழைக்க மாட்டார்கள் என்ற ஆட்சேபத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. டேமன் ஜோன்ஸ், இயோனா மரினெஸ்கு ஆகியோரின் ஆய்வு, அலாஸ்காவில் மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை, பகுதிநேர வேலை சற்றுக் கூடியது என்கிறது.

நேரடிப் பங்குக்கு நார்வேயின் எடுத்துக்காட்டு வலுவான மறுப்பு. அங்கே யாருக்கும் காசோலை வருவதில்லை. எண்ணெய் நிதியத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு அரசின் வரவுசெலவுக்குச் செல்கிறது. ஆனால் எண்ணெய் வருமுன்பே வரி கட்டிப் பழகி, அரசைக் கேள்வி கேட்டுப் பழகிய சமூகம் அது. அத்தகைய பழக்கம் வேரூன்றாத நாடுகளுக்காகத்தான், பின்னாளில் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகரான அரவிந்த் சுப்பிரமணியன், சேவியர் சாலா-இ-மார்ட்டினுடன் சேர்ந்து 2003இல் நைஜீரியாவை முன்வைத்து எழுதினார்: எண்ணெய்ப் பணத்தை மக்களிடமே கொடுத்துவிட வேண்டும், அரசு தனக்கு வேண்டியதை அவர்களிடம் வரியாகக் கேட்டுப் பெற வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் அலாஸ்காவில் விடுபட்டது.

கயானாவில் இரண்டு பாதியும் இல்லை. 2016ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி எக்ஸான் தலைமையிலான கூட்டு நிறுவனங்கள் தரும் ராயல்டி 2 விழுக்காடு. உற்பத்தியில் 75 விழுக்காடு வரை செலவுக்கு ஈடாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் பாதியை அரசுக்குத் தருகிறார்கள். செலவுக் கழிவு உச்சத்தில் இருக்கும்வரை அரசுக்குக் கிடைப்பது மொத்தத்தில் 14.5 விழுக்காடுதான். குடிமக்களின் பங்கைப் பேசுவோர் முதலில் இந்த ஒப்பந்தத்தைப் பேச வேண்டும். பொருளியலாளர் கிளைவ் தாமஸ் 2018இலேயே குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் நேரடித் தொகை என்ற திட்டத்தை முன்வைத்தார். அதிபர் இர்ஃபான் அலி 2024 அக்டோபரில் குடும்பத்துக்கு 2 லட்சம் கயானா டாலர் என்று அறிவித்து, சில நாட்களிலேயே வயதுவந்த ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் என்று மாற்றினார். மறு ஆண்டு செப்டம்பரில் தேர்தல் நடந்தது. விற்பனை வருவாயோடு இணைந்த சூத்திரம் இல்லை, அடுத்த ஆண்டுக்கு உறுதியும் இல்லை. சூத்திரமில்லாத தொகைக்கு என்ன நேரும் என்பதை ஈரான் காட்டுகிறது: அங்கே 2010 டிசம்பரில் எரிபொருள் விலையை உயர்த்தி ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் அதே எண் நீடித்தது, அதன் மதிப்பைப் பணவீக்கம் தின்றுவிட்டது. விகிதமாக அல்லாமல் தொகையாக நிர்ணயித்ததன் பலன் அது.

கயானாவின் 2021ஆம் ஆண்டு இயற்கை வள நிதியச் சட்டப்படி, நிதியத்திலிருந்து எடுக்கும் பணம் அரசின் பொதுக் கணக்குக்குப் போகிறது. அதில் குழந்தைகள் உட்பட ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய விகிதத்தை அரசமைப்பிலேயே எழுதி, அத்தொகையையும் வருமான வரிக்கு உட்படுத்த வேண்டும். அதுவரை தலைநகர் ஜார்ஜ்டவுனில் கொடுக்கப்படுவதைப் பங்கு என்று ஏற்க இயலாது. அது தேர்தலுக்கு முந்தைய நன்கொடைதான்.