வதந்தியும் வன்முறையும்: அம்பத்தூர், ஆவடி வகுப்பறைகளுக்கான ஊடகக் கல்வி

1. இரு நிகழ்வுகள்

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் வடமாநிலக் கும்பல் தமிழ்நாட்டுக்கு வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பத்தை ஊரார் தாக்கியதில் 65 வயது மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக இந்தியில் வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று காவல்துறை விளக்கியது. அதற்குள் அச்சம் ஊர் ஊராகப் போய்விட்டது. பீகார் அரசு விசாரணைக் குழுவையே அனுப்பியது.

2. வெட்டும் மொழியும்

2018இல் இந்தியாவில் பரவிய கடத்தல் வீடியோ ஒன்று, உண்மையில் கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். கடத்தியவர் குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கும் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அக்கறையோடு எடுத்த படம் கொலைக்குத் தூண்டுதலானது. இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் காட்டினால், எடிட்டிங் என்ன செய்யும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உறைக்கும்.

ஆனால் நம் பாடத்திட்டங்கள் கவனிக்காதது மொழி. இந்தியில் வரும் வதந்தியைத் தமிழ்ப் பிள்ளையால் சோதிக்க முடியாது. தமிழில் வரும் மறுப்பைச் சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடமாநில இளைஞரால் வாசிக்க முடியாது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும், ஒருவரைப் பற்றி மற்றவருக்கு வரும் செய்தி அந்த ஒருவர் கண்ணில் படுவதே இல்லை. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஃபார்வேர்டு செய்வதை ஐந்து சாட்களுக்கு என்று வாட்ஸ்அப் குறைத்தது. அதனால் வதந்தியின் வேகம் தணியலாம், இந்த மொழி இடைவெளி மூடாது.

3. பாடமுறை

2018இல் கேரளத்தின் கண்ணூரில், ஆட்சியர் மீர் முகமது அலி முயற்சியால் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை இனம்காணும் வகுப்புகள் நடந்தன. தடுப்பூசி பற்றிய வதந்தியே அதற்குத் தூண்டுகோல். அங்கே ஒரு மொழி போதும். தமிழும் இந்தியும் பேசப்படும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் போதாது. தமிழ்ப் பிள்ளையும் இந்தி பேசும் பிள்ளையும் ஒரே வீடியோவின் முன் உட்கார்ந்து, எங்கே எடுத்தது, எப்போது, யார் குரல் என்று மாறிமாறிச் சொல்ல வேண்டும்.

வன்முறையைத் தடுக்கும் திறன் இதோடு முடிவதில்லை. பெரியப்பா, மாமா இருக்கும் குடும்ப குரூப்பில் 'இது பழைய வீடியோ' என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் எழுத அசாத்தியத் துணிவு வேண்டும். மரியாதை குறையாமல் மறுக்கும் அந்த வாக்கியத்தை வகுப்பிலேயே எழுதிப் பழக வேண்டும். பள்ளியை விட்டு வேலைக்குப் போன இளைஞர்களுக்கு, ஷிப்ட் முடிந்தபின் ஐடிஐக்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் இதே வகுப்பை இரு மொழியிலும் நடத்த வேண்டும்.