எலும்புக்குள் ஒரு பாரந்தூக்கி

மனிதத் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்குவாட்டில் மெல்லிய தகடாக அறுத்துப் பார்த்தால், உள்ளே கடற்பஞ்சு போன்றதொரு பகுதி தென்படும். முதல் பார்வைக்கு அது வெறும் துளைகளின் குவியல். உற்று நோக்கினால், துளைகளுக்கு நடுவே ஓடும் நுண்ணிய எலும்பிழைகள் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டவை என்பது புலனாகும். எலும்பின் உட்புற ஓரத்திலிருந்து ஒரு கற்றை மேலெழுந்து இடுப்பு மூட்டின் உருண்டைக்குள் விரிகிறது. வெளிப்புற ஓரத்திலிருந்து மற்றொரு கற்றை வில்லாக வளைந்து வந்து அதைக் குறுக்கே கடக்கிறது.

ஜூரிச்சில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹெர்மான் ஃபான் மேயர், 1866இல் இத்தகைய எலும்புத் தகடுகளை அந்நகர இயற்கை ஆய்வாளர் சங்கத்தில் காட்டினார். (காலுக்குப் பொருந்தும் காலணியின் சரியான வடிவம் எது என்று 1858லேயே ஒரு நூல் எழுதியவர் இவர். எலும்பை நிற்பதற்கும் நடப்பதற்குமான கருவியாகவே பார்க்கப் பழகிய கண் அவருடையது.) அந்தத் தகடுகளைக் கண்டவர்களில் ஒருவர் கார்ல் குல்மான். ரயில் பாலங்கள் கட்டியவர், ஜூரிச் பாலிடெக்னிக்கில் பொறியியல் பேராசிரியர். ஒரு கட்டுமானத்தின் மீது பாரம் ஏறும்போது அதன் உள்ளே அழுத்தமும் இழுவையும் எந்தெந்தத் திசைகளில் பாய்கின்றன என்பதைச் சமன்பாடுகள் இல்லாமல் கோடுகளாகவே வரைந்து கண்டறியும் முறையை வகுத்தவர். அவர் எலும்பிழைகளில் தம்முடைய கோடுகளைக் கண்டார்.

டார்சி தாம்ஸன் 1917இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் இக்காட்சியை ஒரு நாடகம்போல் விவரிக்கிறார்: புதிய பாரந்தூக்கி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்த குல்மான், எலும்பைப் பார்த்த கணத்தில் இது என் பாரந்தூக்கி என்று கூவிவிட்டாராம். அழகான கதை. அன்றிலிருந்து இன்றுவரை பாடநூல்களில் மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது. நடந்தது இதைவிடச் சற்றுச் சாதுவானது. எலும்பைப் பார்த்த பிறகுதான் குல்மான், தொடை எலும்பின் மேல்முனை வடிவில் ஒரு பாரந்தூக்கியைக் கற்பித்துக்கொண்டு அதன் விசைக்கோடுகளைத் தம் மாணவர்களைக் கொண்டு வரையச் செய்தார். ஒற்றுமை தானாக வந்து மோதவில்லை, தேடி வரையப்பட்டது. (ஈபிள் கோபுரமே தொடை எலும்பைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று சொல்லப்படுவது இதன் கிளைக்கதை. கோபுரத்தின் முதல் வரைபடத்தை 1884இல் வரைந்த மொரீஸ் கெக்லான் குல்மானின் மாணவர் என்பது உண்மை. ஆனால் அவர் ஆசிரியரிடம் கற்றது விசைகளை வரையும் வித்தையை, எலும்பியலை அல்ல.)

அந்தப் படத்தைத் தம் வாழ்நாள் சொத்தாக ஆக்கிக்கொண்டவர் பெர்லின் அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப். 1870இல் ஒரு நீண்ட கட்டுரை, 1892இல் எலும்பின் உருமாற்ற விதி பற்றிய நூல். முறிந்து கோணலாகக் கூடிய எலும்புகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்த வோல்ஃப், பாரம் இறங்கும் வழி மாறிய இடங்களில் இழைகளின் போக்கும் மாறியிருப்பதைக் கண்டார். பயன்பாடு மாறினால் எலும்பின் உள்ளமைப்பும், பின்னர் புறவடிவமும் கணித விதிகளின்படி மாறும் என்பது அவர் முடிவு. எலும்பு இறந்த கல் அல்ல, வாழ்நாள் முழுதும் தன்னைத்தானே திருத்தி எழுதிக்கொள்வது என்ற எண்ணத்தை மருத்துவ உலகில் ஊன்றியதில் அவர் பங்கு பெரிது.

ஆனால் கணித விதிகள் என்று சொன்ன வோல்ஃப் ஒரு சமன்பாட்டைக்கூடத் தரவில்லை. அவரிடம் இருந்தது குல்மானின் படம் மட்டுமே. இழைகள் ஒன்றையொன்று செங்கோணத்தில்தான் வெட்டவேண்டும் என்று, படம் அப்படிச் சொல்வதால், அவர் வற்புறுத்தினார். உண்மையான எலும்பில் அவை பல இடங்களில் அப்படி வெட்டுவதில்லை. இவ்வளவு நுட்பமான அமைப்பு குலையாமல் பெரிதாகவேண்டுமென்றால் எலும்பு உள்ளிருந்து உப்பித்தான் வளரவேண்டும் என்றும் 1870இல் வாதிட்டார். புதிய எலும்பு பரப்புகளின்மேல் படிந்துதான் வளர்கிறது என்பதற்கு அப்போதே சான்றுகள் இருந்தன. படத்தின் அழகு கண்ணை மறைத்த கதை இது.

படத்திலும் குறை இருந்தது. குல்மானின் பாரந்தூக்கி கெட்டியான ஒருபொருள். எலும்போ துளைகள் மலிந்தது. பாரந்தூக்கியின்மேல் ஒரே திசையில் ஒரே சுமை. மனிதனோ நடக்கிறான், குனிகிறான், படியேறுகிறான். எல்லாவற்றுக்கும் மேலாகப் படத்தில் தசை இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் மறுபக்கம் சாயாமல் இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டின்மேல் இறங்குவது உடல் எடையின் ஏறத்தாழ மூன்று மடங்கு. தொடை எலும்பின் கழுத்து முறிவை ஓர் இயந்திரவியல் சிக்கலாகவே அணுகி ஃப்ரீட்ரிஹ் பாவெல்ஸ் 1935இல் நூல் எழுதிய பிறகே இந்தக் கணக்கு அறுவை அரங்கிற்குள் நிலைபெற்றது.

சரியான கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டிருந்தார். எலும்பின் வடிவம் எதை ஒத்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதை யார் உருவாக்குகிறார்கள் என்று கேட்டவர் வில்ஹெல்ம் ரூ. திட்டம் தீட்டும் பொறியாளர் உள்ளே எவருமில்லை. தூண்டல் பெறும் இடத்தில் செல்கள் செழிக்கின்றன, பெறாத இடத்தில் தேய்கின்றன. ஒழுங்கு என்பது இந்தச் சில்லறை வேலைகளின் விளைவு. 1881இல் ரூ முன்வைத்த இக்கருத்தைச் சமன்பாடாக எழுத நூறாண்டுக் காலம் பிடித்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் 1987இல் இதைத் தெர்மோஸ்டாட்டின் வேலைக்கு ஒப்பிட்டார். எலும்பு நசுங்கும் அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால் கரைப்பு, மற்றொரு வரம்பைத் தாண்டினால் சேர்ப்பு. தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையெலும்பு தடித்திருப்பதும், விண்வெளியில் தங்குவோரின் இடுப்பெலும்பு மாதத்திற்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைவதும் ஒரே கணக்கின் இரு முனைகள்.

இதெல்லாம் அறிவுத்தாகம் மட்டுமே என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஜான் சார்ன்லி 1960களில் செயற்கை இடுப்பு மூட்டை வெற்றிகரமாக்கிய பிறகு, லட்சக்கணக்கானோரின் தொடை எலும்புக்குள் உலோகத் தண்டுகள் இறக்கப்பட்டன. கோபால்ட்-குரோமியக் கலவை எலும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது. சுமையைத் தண்டே தாங்கிக்கொண்டது. வேலை பறிபோன எலும்பு, தன் இயல்பின்படி, மெலியத் தொடங்கியது. வலி நீங்கி நடக்கும் நோயாளியின் எக்ஸ்ரே படத்தில் தண்டைச் சுற்றிய எலும்பு மட்டும் ஆண்டுக்காண்டு வெளிறியது. தண்டை மாற்றவேண்டி வந்தால் பற்றிக்கொள்ள எலும்பு மிஞ்சுமா என்பதுதான் மருத்துவர்களின் அச்சம்.

எளிய தீர்வு ஒன்று தோன்றும்: தண்டை எலும்பைப்போல நெகிழ்வாகச் செய்துவிடலாமே. ஸ்விட்சர்லாந்தில் 1970களில் நெகிழியால் அப்படிச் செய்தும் பார்த்தார்கள். பல தளர்ந்துபோயின. இது ஏன் என்று விளங்கவைத்தவர்களுள் முதன்மையானவர் நெதர்லாந்தின் ரிக் ஹௌஸ்கஸ். தொடை எலும்பை நூற்றுக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்துக் கணினியில் கணக்கிடும் முறை அவர் பணியாற்றிய நைமேகனில் 1972லேயே எலும்பியலுக்குள் வந்திருந்தது. அதனுடன் எலும்பின் தகவமைப்பையும் சமன்பாடாகச் சேர்த்தபோது விடை வெளிப்பட்டது. தண்டு நெகிழ நெகிழ எலும்பிழப்பு குறையும். ஆனால் தண்டும் எலும்பும் ஒட்டும் பரப்பில் தகைவு ஏறும், பிடி விட்டுப்போகும். ஒன்றைக் காக்க மற்றொன்றை விலையாகக் கொடுக்கவேண்டும். தண்டு வடிவமைப்பவர் செய்யக்கூடியது இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இடத்தைத் தேர்வதுதான்.

2000ஆம் ஆண்டு ஹௌஸ்கஸும் அவர் குழுவினரும் நேச்சர் இதழில் ஒரு கணினிச் சோதனையை வெளியிட்டனர். எலும்பிழையின் வடிவம் எதுவும் முன்கூட்டித் தரப்படவில்லை. உள்ளே புதைந்த செல்கள் சுமையை உணர்ந்து செய்தி அனுப்பும், பரப்பிலுள்ள செல்கள் சில இடங்களில் கரைக்கும், சில இடங்களில் படியவைக்கும் என்ற விதிகள் மட்டுமே. கணக்கு ஓட ஓட, சுமையின் திசையிலேயே இழைகள் தாமாக உருவாகி நின்றன. பிறகு சுமையின் திசையைச் சற்றுத் திருப்பினார்கள். இழைகளும் மெல்லத் திரும்பின. பெர்லினில் வோல்ஃப் கோணல் எலும்புகளை அறுத்துக் கண்டது, ஒருமுறைகூடக் குல்மானின் கோடுகளை வரையாமல், கணினித் திரையில் மீண்டும் நடந்தது.