தோல் வண்டுகளும் வேட்டை மண்டையோடுகளும்

தோல் வண்டுகள் காய்ந்த இறைச்சி, தோல், மயிர், இறகு ஆகியவற்றைத் தின்று வாழும் பூச்சிகள். இறந்த விலங்கின் மண்டையோட்டிலும் எலும்புகளிலும் ஒட்டியிருக்கும் தசையை நீக்குவதற்காக இவை வளர்க்கப்படுகின்றன. வேட்டைத் தோல்களைப் பாழாக்கும் பகையாகக் கருதப்பட்ட இப்பூச்சி, இருபதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்களின் உதவியாளாக மாறியது.

பூச்சியின் இயல்பு

இவ்வண்டுகளின் பேரினமான டெர்மெஸ்டெஸ் என்பதற்கு 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டார். கிரேக்கத்தில் இதற்குத் தோல் தின்னி என்பது பொருள். எலும்புத் துப்புரவுக்குப் பெரிதும் பயன்படுவது டெர்மெஸ்டெஸ் மாக்குலாட்டஸ் என்னும் இனம். காட்டில் இறந்த விலங்கை முதலில் ஈக்கள் மொய்க்கின்றன. உடல் உலரத் தொடங்கிய பின்பே இவ்வண்டுகள் வருகின்றன. வளர்ந்த வண்டைவிட மயிரடர்ந்த புழுவே அதிகம் தின்கிறது.

தமிழ்நாட்டில் கருவாட்டைத் துளைப்பதும் இவ்வகை வண்டுகளே. பட்டுக்கூடுகளைத் தாக்கி நெசவுக்கு முன்பே இழப்பை உண்டாக்கும் இனமும் இவற்றில் உண்டு.

வேட்டைக் காலம்

பிரிட்டிஷ் ஆட்சியில் வேட்டை என்பது அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், சமஸ்தான மன்னர்கள் ஆகியோரின் பொழுதுபோக்காக இருந்தது. நீலகிரியில் விலங்குகள் குறைந்ததால், வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைச் சென்னை மாகாண அரசு 1879-இல் இயற்றியது.

வேட்டையாடியவர் தோலையும் தலையையும் நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டார். இவற்றைப் பாடம் செய்யும் நிறுவனங்களில் புகழ்பெற்றது மைசூரின் வான் இங்கன் நிறுவனம். யூஜின் வான் இங்கன் 1900 வாக்கில் தொடங்கிய இந்நிறுவனம் 1999 வரை இயங்கியது. ஆயிரக்கணக்கான புலிகளும் சிறுத்தைகளும் அங்கே பாடம் செய்யப்பட்டன.

பாடம் செய்வோருக்குத் தோல் வண்டு பெரும் தொல்லை. ஒரு சில புழுக்கள் நுழைந்தாலும் மயிர் உதிர்ந்து தோல் கெட்டுவிடும். அதனால் தோலின் உட்புறத்தில் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அக்காலத்தில் பாடம் செய்யப்பட்ட உருவங்களைக் கையுறையின்றித் தொடக்கூடாது என்று இன்றும் எச்சரிக்கப்படுவதற்கு இந்நஞ்சே காரணம்.

பழைய முறைகள்

மண்டையோட்டைத் துப்புரவாக்க வேட்டைக்காரர்கள் பல வழிகளைக் கையாண்டனர்.

கொதிக்க வைத்தல்: விரைவான முறை. ஆனால் எலும்பு இணைப்புகள் விட்டுப்போகும், பற்கள் கழன்றுவிடும், மூக்கினுள் உள்ள மெல்லிய எலும்புகள் உடையும்.

நீரில் ஊறவைத்தல்: தசை அழுகிக் கழல வாரக்கணக்கில் ஆகும். நாற்றம் தாங்க முடியாது.

எறும்புப் புற்றருகே வைத்தல்: செலவில்லாதது. ஆனால் கழன்ற சிறு எலும்புகளும் பற்களும் தொலைந்துபோகும்.

சுவரில் மாட்டும் தலைக்கு இந்த இழப்புகள் பெரிதாகத் தெரியவில்லை. விலங்கியலுக்கு அவை பேரிழப்பு. எலி, வௌவால் போன்ற விலங்குகளின் இனத்தைப் பல்லையும் மண்டையோட்டையும் கொண்டே உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911-இல் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பில் தோலுடன் மண்டையோடும் சேகரிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

அருங்காட்சியகத்தில் வண்டுகள்

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பங்கர் இவ்வண்டுகளைக் கூட்டமாக வளர்த்து எலும்புகளைத் துப்புரவாக்கும் முறையை உருவாக்கினார். அவருடைய மாணவரான ரேமண்ட் ஹால், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட் ரசலுடன் சேர்ந்து 1933-இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதன்பின் பல நாடுகளின் அருங்காட்சியகங்கள் இம்முறையைப் பின்பற்றின.

முதலில் தோல், கண், நாக்கு, மூளை ஆகியவை அகற்றப்படும். தலை சற்று உலர்த்தப்பட்டு, வண்டுகள் உள்ள கண்ணாடி அல்லது உலோகப் பெட்டியில் இருட்டும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் வைக்கப்படும். மரப்பெட்டி உதவாது, கூட்டுப்புழுவாகும் முன் புழுக்கள் மரத்தைத் துளைத்துவிடும். எலியின் மண்டையோடு ஓரிரு நாளில் முடியும். பெரிய விலங்குக்கு வாரக்கணக்கில் ஆகலாம். பின்னர் குளிரில் உறையவைத்து எஞ்சிய பூச்சிகளைக் கொன்று, எலும்பிலுள்ள கொழுப்பை நீக்குவார்கள்.

வண்டு அறை சேகரிப்புக் கூடத்திலிருந்து தள்ளியே அமைக்கப்படும். தப்பிச் செல்லும் வண்டுகள் அருகில் உள்ள பாடம் செய்த தோல்களையே தின்றுவிடும்.

சட்டமும் இன்றைய நிலையும்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைச் சின்னங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மண்டையோடு, கொம்பு, பல், நகம் ஆகியவையும் சட்டத்தின் பார்வையில் வேட்டைச் சின்னங்களே. பரம்பரையாக வந்த புலித்தலைக்கும் உரிமைச் சான்றிதழ் வேண்டும்.

தானாக இறந்து கிடந்த காட்டுவிலங்கும் அரசின் சொத்து. செஞ்சி மலைக்காட்டில் நடந்து செல்லும் ஒருவர் மானின் மண்டையோட்டைக் கண்டெடுத்தால், அதை வீட்டில் வைத்துத் துப்புரவு செய்ய முடியாது. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். ஆகவே இந்தியாவில் இம்முறைக்கு இன்று பொருத்தமான இடம், உரிய அனுமதி பெற்ற ஆய்வுக்கூடமும் அருங்காட்சியகமுமே.