ராவுத்தர் என்ற பெயரும் நாற்பது நாள் லாயமும்

பொன்விழா மலருக்காக நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடுகளைப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் 'ராவுத்தர்' என்று முடியும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. சாப்பாட்டுக் கடை வைத்தவர், பணமாற்று வியாபாரம் செய்தவர், துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். குதிரை வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. "அத்தா, ராவுத்தர்னா என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், "குதிரை வீரன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

பதில் தவறில்லை. தமிழகராதியும் அதைத்தான் சொல்கிறது. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று பாடியிருக்கிறார். மயிலைக் குதிரையாக்கி அதன்மேல் ஏற்றிவிட்டார். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய நாம், குதிரை மனிதனை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதை மறந்துவிட்டோம். அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், அதாவது 13ஆம் நூற்றாண்டின் இறுதி. நம் கடற்கரைக்கு அரபிகள் வைத்த பெயர் மஅபர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதைப் பார்த்தால், கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தன் சொந்த லாயத்திலிருந்தே ஆண்டுக்கு 1,400 குதிரைகளை இங்கே அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கத்தீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்தும் வந்தன. ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார். கப்பலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சர்; காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

விழா மலர்களில் நாம் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். பெருமைக்கு இது போதும். ஆனால் வஸ்ஸாஃப் நிறுத்தவில்லை. வந்து இறங்கிய குதிரைகளுக்கு என்ன நேர்ந்தது என்றும் எழுதினார். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயில் பிசைந்த தானியம், காய்ச்சிய பசும்பால் எல்லாம் கொடுத்து, கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் வைத்திருப்பார்களாம். பிறகு பழக்குவது என்ற பேச்சே இல்லாமல், அங்கவடிகூட இல்லாமல், பேய்போல ஏறி விரட்டுவார்களாம். காற்றாய் வந்த குதிரை கொஞ்ச நாளில் தளர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போகும். அடுத்த ஆண்டு புதுக் குதிரை வாங்க வேண்டும்.

கொடுமை செய்ய நினைத்து யாரும் பசும்பால் கொடுப்பதில்லை. அன்போடுதான் கொடுத்திருப்பார்கள். தவறு வேறு இடத்தில். குதிரை வேட்டையாடப்பட்ட இனத்தின் பிள்ளை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பது, மேயும்போதே ஆபத்து வருகிறதா என்று பார்க்கத்தான். அதன் ஒரே பாதுகாப்பு ஓட்டம். அதைப் பிடுங்கிக்கொண்டு நாற்பது நாள் கட்டிப்போட்டு, உடம்பில் வலுவை ஏற்றி, ஒருநாள் திடீரென்று முதுகில் பாய்ந்தால் அதற்கு என்ன தோன்றும்? காட்டில் புலி பாய்வதும் அதே முதுகின் மேல்தான். நடையில்லாமல் தானியம் மட்டும் தின்ற குதிரைக்குக் குளம்பு வீங்கும் நோய் வேறு வரும்.

அதே நாற்பது நாளை வேறு விதமாகச் செலவிட்டிருக்கலாம். பழக்கத் தெரிந்தவர் இளங்குதிரையின் நேர் எதிரே போய் நிற்கமாட்டார். தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, மெதுவாக வருவார். கையை மோந்து பார்க்க விடுவார். கழுத்தைத் தடவி, முதுகைத் தடவி, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பழக்குவார். தலைக்கயிற்றை இலேசாக இழுப்பார். குதிரை ஓர் அடி எடுத்து வைத்த கணமே தளர்த்துவார். பழக்குவதன் உயிர்நாடியே அந்தத் தளர்த்தல்தான். நீ சொன்னதைக் கேட்டால் இந்த மனிதன் விட்டுவிடுவான் என்று குதிரை அங்கேதான் படிக்கிறது. இழுத்துக்கொண்டே இருந்தால் அது இழுப்பை எதிர்த்து நிற்கத்தான் படிக்கும். பிறகு சேணத்துணியை மோந்து பார்க்கக் கொடுத்து, முதுகில் போட்டு, எடுத்து, மறுபடி போடுவார். வயிற்று வாரை ஒரே மூச்சில் இறுக்காமல் சிறிது சிறிதாக இறுக்குவார். அடுத்து, ஏறாமல் முதுகில் சாய்ந்து பாரத்தை மட்டும் காட்டுவார். ஏறி உட்காரும் முதல் நாள் சில நிமிடங்கள் போதும். குதிரை மிரண்டால் கோபப்படாமல் ஒரு படி பின்னால் போய், அது ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

இது அரபுலகத்துக்குத் தெரியாத கலை அல்ல. பதவீக்கள் குட்டிகளைக் கூடாரத்தருகே, பெண்டு பிள்ளைகளோடு, ஒட்டகப் பால் கொடுத்து வளர்த்தார்கள். 9ஆம் நூற்றாண்டிலேயே, அப்பாசிய கலீஃபாவின் லாயத்தில் பணியாற்றிய இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றம் பற்றியும் குதிரை மருத்துவம் பற்றியும் நூல் எழுதிவிட்டார். அப்படியானால், குதிரை வந்த கப்பலில் இந்த அறிவு ஏன் ஏறவில்லை?

மார்க்கோ போலோ இதற்குச் சொல்லும் காரணம் கசப்பானது. குதிரை மருத்துவம் தெரிந்தவர்களை வணிகர்கள் அழைத்து வரமாட்டார்கள், யாரையும் வரவும் விடமாட்டார்கள். குதிரை செத்தால்தானே வியாபாரம் என்கிறார். வேற்று நாட்டார் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட மனம் துடிக்கிறது. அவர் வணிகர் வாயிலாகக் கேட்டதை மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் குதிரைகள் வீணாய்ப் போனதை, வணிகர் பக்கத்திலேயே இருந்த வஸ்ஸாஃபும் சொல்கிறாரே. குதிரையை விற்றவர்கள் அதைப் பழக்கும் அறிவையும் கூடவே தந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மதரசாவில் சூரா அல்ஆதியாத் ஓதும் நம் பிள்ளைகளுக்கு, மூச்சிரைக்க ஓடும் குதிரைமீது இறைவன் சத்தியம் செய்திருப்பது தெரியும். 220 தீனார் கணக்கைச் சொல்லும் நாம் இதையும் சேர்த்தே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகும் குதிரை நம்மை முழுதாக விட்டுவிடவில்லை. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க்கில் 1843இல் பந்தயம் தொடங்கியது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, வண்டியிலும் பூட்டியவர்கள் சைஸ்கள். பாவியான் தீவிலிருந்து வந்தவர்கள் அந்த வேலையில் பேர்போனவர்கள், தமிழர்களும் இருந்தார்கள். 'சைஸ்' அரபுச் சொல். விலங்கைப் பேணிப் பழக்குவதைக் குறிக்கும் அதே வேரிலிருந்துதான் ஆட்சியைக் குறிக்கும் 'சியாசத்'தும், மலாயில் விசாரணையைக் குறிக்கும் 'சியாசாத்'தும் வந்தன. மோட்டார் கார் வந்தபோது அதை ஓட்டியவரையும் மலாயாவில் சைஸ் என்றுதான் அழைத்தார்கள்.

கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5இல் நடந்து முடிந்தது. பந்தயத்தில் ஏறியவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் இருக்கின்றன. சைஸ்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. உங்கள் குடும்பத்தில் பாட்டனார், பூட்டனார் யாராவது லாயத்தில் வேலை பார்த்திருந்தால், ஒரு புகைப்படமோ, பழைய அடையாள அட்டையோ, அவர் குதிரையைக் கூப்பிட்ட விதம்பற்றி வீட்டில் சொல்லும் ஒரு கதையோ இருந்தால், சங்க அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள். படி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.