துண்டுக்கு விலைபோன ஆட்கள்

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஏழெட்டு கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1 வரை அதற்குள் ஒரு அரசாங்கம் முடிந்து இன்னொரு அரசாங்கம் தொடங்கியது. தென்காசியும் குற்றாலமும் சென்னைப் பக்கம். செங்கோட்டையும் புளியரையும் திருவிதாங்கூர்ப் பக்கம். புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறினால் அந்தப் பக்கம் மலைத்தோட்டங்கள். கிழக்கே போனால் திருநெல்வேலி, தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு. 1904இல் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் இரண்டு திசையும் எங்கள் ஊருக்குப் பக்கமாகிவிட்டன. வேலை தேடிப் போனவர்களும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் இந்தப் பாதையில்தான் போனார்கள்.

நான் தென்காசியில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று எல்லாம் எழுதுகிறேன். வெளிநாட்டு வேலை ஏஜெண்டுகள் மேல் வரும் புகார்களையும் எழுதுகிறேன். வேலை இல்லாமல் அலைந்து ஏஜெண்டிடம் ஏமாந்தவனின் மனு ஒரு வகை. ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்து, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதே ஏஜெண்டின் வலையில் விழுந்தவனின் மனு வேறு வகை. இந்த இரண்டாவது ஆளைப் பார்த்து ஊர் முதலில் கேட்பது, “இருந்த வேலையை ஏண்டா விட்டே?” என்றுதான். கேட்பது சுலபம். அவனை வேலையைவிட்டு நகர்த்துவதே ஒரு தொழிலாக நடந்து வந்திருக்கிறது என்பதும், அதற்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது என்பதும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின. பஞ்சத்துக்கு முன்பே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. காப்பிச் செடியில் நோய் விழுந்து தேயிலை வந்த பிறகு, பருவத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் வருஷம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். இவர்களைக் கூட்டிப் போனவர் கங்காணி. அவர் யாரோ வெள்ளைக்காரர் அனுப்பிய அந்நியர் இல்லை. அதே ஊர், பெரும்பாலும் அதே சாதி, மாமன் மச்சான் முறை. அவர் கையால் வாங்கிய முன்பணத்தில்தான் வீட்டுக் கடன் தீர்ந்தது, வழிச்செலவு நடந்தது, சாப்பாடும் ஆனது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தனையும் கூலியாளின் பேரில் கடனாக ஏறியது.

கங்காணிக்கு இரண்டு வரும்படி. தன் ஆட்களில் எத்தனை பேர் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை பேருக்கும் தலைக்காசு. இன்னொன்று கடன்மேல் வருவது. ஆட்கள் கங்காணிக்குக் கடன். கங்காணி தோட்டத்துக்குக் கடன். ஆக ஆட்கள் அவருக்கு அடகுப் பொருள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

இதில் முளைத்ததுதான் துண்டு. தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு காகிதம். இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு ரூபாய் கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று அதில் இருக்கும். பார்வைக்கு நியாயமான காகிதம். ஆனால் அது நடந்த விதத்தைப் பாருங்கள். முப்பது ஆட்கள், 1,500 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஆள் பற்றாக்குறையாக இருக்கும் தோட்டங்களுக்குப் போவார். ஒருவன் 1,800 தருவான், இன்னொருவன் 2,000 தருவான். அதிகம் தருகிறவனுக்கு ஆட்கள். பழைய கடன் 1,500 அடைந்தது. மேல்பணம் ஐந்நூறு கங்காணி மடியில். புதிய தோட்டத்துக் கணக்கிலோ 2,000 ரூபாயும் கடன். அந்தச் சுமை கடைசியில் இறங்கிய இடம் ஆட்களின் தலை. அவர்கள் ஒரு ரூபாய்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சி சின்ன வயதில் இலங்கையில் இருந்தவள். பிறகு மேலகரத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். அவள் சொன்ன ஒரு காலைப்பொழுது எனக்கு மறக்கவில்லை. “இன்னைக்குப் பெரட்டுக்குப் போகவேண்டாம், சட்டிபானையைக் கட்டுங்கன்னு கங்காணி வந்து சொன்னாரு. எங்கய்யா, ‘எந்தத் தோட்டத்துக்கு மாமா?’ன்னு கேட்டாரு. ‘இதைவிட நல்ல தோட்டம்ல’ன்னாரு. அம்புட்டுத்தான்.” இருந்த லயத்தில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பில், அவர்கள் வைத்திருந்த கத்தரிச்செடி அப்போதுதான் பூத்திருந்ததாம். சம்பளம் கூடும் என்று நம்பிப் போனவர்கள், அடுத்த கணக்குத் தீர்க்கும் நாளில்தான் கடன் கூடியிருப்பதைக் கேட்டார்கள். அந்த மாமா அதே ஊர்க்காரர்.

தானாக ஒருவன் தோட்டத்தை மாற்ற நினைத்தால் என்ன ஆகும்? இலங்கையின் 1865ஆம் வருஷத்து 11ஆம் சட்டம் குறுக்கே நின்றது. ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமல் வேலையைவிட்டுப் போனால் குற்றம், சிறை. நம் பக்கத்திலும் 1859இல் வந்த ஒரு சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்குப் போகாதவனைச் சிறைக்கு அனுப்பியது. அது 1920களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. கூலியாள் தானாகப் போனால் குற்றவாளி. கங்காணி அவனை விற்றுக்கொண்டு போனால் வியாபாரி. இதைவிட அநியாயமான ஏற்பாடு வேறு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டக்காரர்களுக்கே இது ஒரு கட்டத்தில் கசந்தது. ஒருவர் ஆளை ஒருவர் இழுத்து முன்பணம் ஏறிக்கொண்டே போக, 1904இல் திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் என்ற அலுவலகத்தைத் திறந்து ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். புறப்படுகிற ஆளின் கையில் தோட்டத்து எண் அடித்த தகர வில்லை கொடுக்கும் முறையும் அந்தக் காலத்ததுதான். வழியில் இன்னொரு தோட்டத்துக் கங்காணி ஆளைத் திருப்பிக்கொண்டு போகாமல் இருக்க அது ஒரு காவல். மனிதனுக்கு மாட்டிய அடையாளம், முதலாளியின் பணத்துக்குப் பாதுகாப்பு. துண்டை ஒழித்த சட்டம் இலங்கையில் 1921இல் வந்தது. மறு வருஷம் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. 1923இல் கண்டியில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் அமர்ந்து கூலியாட்களின் முறையீடுகளைக் கேட்கத் தொடங்கினார். 1939 ஆகஸ்டில் தொழில் தெரியாத கூலிகள் இலங்கைக்குப் போவதையே இந்தியா தடை செய்தது.

இந்தத் துயரம் நம் எழுத்தில் பதிவானதும் பெரும்பாலும் இந்தச் சீமை வழியாகத்தான். வாசவன்பட்டி மருதியைத் தேயிலைத் தோட்டம் வரை பின்தொடர்ந்து ‘துன்பக்கேணி’யை எழுதியவர் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் வெளியிட்ட நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’, திருநெல்வேலிப் பக்கத்து மயிலோடைக் கிராமத்துத் தம்பதியை ஒரு மேஸ்திரி ஆசைகாட்டி அழைத்துப் போவதில்தான் தொடங்குகிறது. தென்காசி வட்டாரத்துப் பள்ளிகளில் இந்த இரண்டையும் கட்டாயம் படிக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கங்காணி போனார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சவூதி, துபாய், கத்தார் என்று போக ஆரம்பித்தார்கள். கடையநல்லூரில் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடு இல்லாத தெருவைக் காண்பது அரிது. அங்கே ஒருவனை வேலைக்கு அழைத்தவர் கஃபீல். அவர் ‘ரிலீஸ்’ கொடுக்காமல் இன்னொரு கம்பெனிக்கு மாற முடியாது என்பதே நெடுங்காலம் சட்டம். கத்தார் 2020இலும் சவூதி 2021இலும்தான் இந்தக் கட்டைத் தளர்த்தின. வேலையை மாற்ற ஒரு காகிதம் வேண்டும், அந்தக் காகிதம் வேறொருவன் கையில் இருக்கிறது என்ற நிலை வந்ததும், அதை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் கிளம்பிவிடுகிறான். நான் இதைத் துண்டின் மறுபிறப்பு என்றே சொல்வேன்.

அப்படிக் கிளம்புகிறவன் தேடி வருவது ஊரில் சும்மா இருக்கிறவனைவிட, கேம்ப்பில் படுத்திருக்கிற வேலைக்காரனைத்தான். கையில் பணம் புழங்கும், பாஸ்போர்ட் உண்டு, அந்த நாட்டு அனுபவம் உண்டு, இருக்கிற கம்பெனி மேல் ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு தம்பி என்னிடம் சொன்னது: “அண்ணாச்சி, ஷார்ஜாவுல குடோன் வேலை. ஆயிரத்து இருநூறு திர்ஹாம். நம்ம ஊரு ஆளுதான் வந்து, ரெண்டாயிரம் தர்ற இடம் இருக்கு, ஃப்ரீ விசா போட்டுத் தாறேன்னாரு. கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன்.” ஃப்ரீ விசா என்று அரசாங்கம் கொடுக்கிற விசா எதுவும் கிடையாது. ஒரு கஃபீல் பெயரில் விசாவை விலைக்கு வாங்கி, வேறு எங்கோ வேலை பார்ப்பதுதான் அது. பிடிபட்டால் நாடு கடத்தல். அந்தத் தம்பி பழைய வேலையையும் இழந்தான், கொடுத்த பணத்தையும் இழந்தான். அவன் மனுவில் ரசீது இணைக்க ஒன்றுமே இல்லை. “நம்ம ஊரு ஆளு, எப்படிண்ணே ரசீது கேக்க?” என்றான்.

இந்த வலை வளைகுடாவோடு நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசைகாட்டி, மியான்மருக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுபோய் மோசடி வேலை செய்யச் சொல்கிறார்கள் என்றது. இந்தியாவில் இருக்கும் ஏஜெண்டுகளோடு துபாயில் இருக்கும் ஏஜெண்டுகளையும் அது குறிப்பிட்டது. அங்கே சிக்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவர அரசு பாடுபட வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் எந்த ஏஜெண்டும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். தமிழக அரசில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே துறை உண்டு.

வெளிநாட்டில் ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 1967ஆம் வருஷப் பாஸ்போர்ட் சட்டப்படி உங்கள் பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதை எந்த ஏஜெண்டிடமும் கொடுத்து வைக்காதீர்கள். வந்து பேசுகிறவர் மாமாவோ மச்சானோ, கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிக் கணக்கு வழியாகத் தடம் இருக்கட்டும். புதிய கம்பெனியின் வேலை ஒப்பந்தம் கையெழுத்தோடு உங்கள் கைக்கு வந்து, அதை அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்ட பிறகே, இருக்கிற வேலைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.