துரை காரின் ஹாரன்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஹாரன் ஊமையாகிவிட்டால், விஷயம் தெரிந்த மெக்கானிக் ஹாரனில் கை வைக்க மாட்டார். முதலில் ஸ்டியரிங் தண்டைத்தான் தடவிப் பார்ப்பார். அந்தக் காலத்து எம்ஜி, டிரையம்ப் கார்கள் பலவற்றில் பேட்டரி கரண்ட் ஹாரன் வரைக்கும் எந்நேரமும் வந்து நிற்கும். ஸ்டியரிங் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் அதற்கு எர்த் கிடைக்கும், ஹாரன் அலறும். அந்த எர்த் போகும் வழி ஸ்டியரிங் தண்டின் இரும்புதான்.

டிரையம்ப் ஹெரால்டிலும், அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962இல் வந்த ஸ்பிட்ஃபயரிலும் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. சாலையின் அதிர்வு ஓட்டுபவர் கைக்கு ஏறாமலிருக்கத் தண்டின் இணைப்பில் ரப்பர் வைத்தார்கள். அதிர்வை நிறுத்திய ரப்பர் கரண்டையும் நிறுத்தியது. அதனால் ரப்பரின் இரு பக்கத்தையும் சேர்த்து விரல் நீள எர்த் வயர் ஒன்றைப் போட்டார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அந்த வயர் அறுந்தால், ஹாரனுக்கு ஒரு குறையும் இல்லாமலே சத்தம் போய்விடும்.

ரப்பரும் கரண்டும் சேர்ந்த இந்தக் கதை மலேசியாவின் வட சிலாங்கூர்த் தமிழருக்கு அந்நியமானதல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிகம் ரப்பர் தந்த நாடு மலாயா. கார் டயருக்கு மட்டுமல்ல, துணி சுற்றிய பழைய வயர்களின் உள் உறைக்கும் ரப்பர்தான் வேண்டியிருந்தது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் விடியும் முன்பே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் நட்டதும், 1917இல் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டதும் இதே வட்டாரத்தில்தான். கப்பலேறிப் போன ரப்பர், பிரிட்டிஷ் கார்களின் உறுப்பாகித் திரும்பவும் இதே செம்மண் சாலைக்கு வந்தது.

தோட்டச் சாலைக்கு ஸ்போர்ட்ஸ் கார் தோதுப்படாது. அங்கே ஓடியவை மோரிஸ் மைனர், ஆஸ்டின், லேண்ட் ரோவர் போன்ற வண்டிகள். ஆனால் பானட்டைத் திறந்தால் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டின் எஞ்சின் ஆஸ்டின் ஏ35இலிருந்து எடுத்தது, ஸ்டியரிங் ரேக் மோரிஸ் மைனரிலிருந்து எடுத்தது. டைனமோ, கட்-அவுட், ஃபியூஸ் பெட்டி, ஹாரன் எல்லாம் பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி செய்தவை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் மைனரைப் பழுது பார்க்கத் தெரிந்த கைக்கு எம்ஜியும் பிடிபடும்.

அந்தக் கைக்கு இங்கிலீஷ் வயரிங் படம் அவ்வளவாக உதவியிருக்காது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். வழிகாட்டியது நிறம்தான். பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. அது ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. ஊதா, ஃபியூஸ் வழியாக எந்நேரமும் கரண்ட் உள்ளது. ஊதாவில் கறுப்புக் கோடு ஓடினால் அது ஹாரனிலிருந்து பொத்தானுக்குப் போகிறது. முழுக் கறுப்பு எர்த். இந்த ஒழுங்கு மைனருக்கும் எம்ஜிபிக்கும் பெரும்பாலும் பொது. எண்ணெயும் செம்மண்ணும் ஏறிய துணி வயர்கள் எல்லாம் ஒரே நிறமாகிப் போகும். அப்போது கிளிப்பை நெம்பி, அதற்கடியில் தூசி படாத துண்டில் அசல் நிறத்தைத் தேட வேண்டும். அங்கேயும் நிறம் செத்திருந்தால் ஒரு பல்பும் இரண்டு வயரும் போதும், கரண்ட் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பல மாடல்களில் முழு வண்டிக்கும் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டுதான். 35 ஆம்பியர் ஃபியூஸ் கைவசம் இல்லாதபோது சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைக்கும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. மறுமுறை ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

இன்னொரு தொல்லை பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு சேர்த்த பாசிட்டிவ் எர்த். துரு குறையும் என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எம்ஜிபியே 1967 கடைசியில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. ஹாரனுக்கும் பல்புக்கும் எந்தப் பக்கமானாலும் கவலையில்லை. நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்த டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பார்க்காமல் மாட்டினால் அது கருகிப்போகும்.

லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று மேல்நாட்டுக் கார்ப் பிரியர்கள் வைத்த பட்டப்பெயர் பாதிதான் நியாயம். பழுதில் பெரும்பங்கு எர்த்தில்தான். இதே வட்டாரத்து ஜெராம் கடற்காற்றில் உப்பும் ஈரமும் ஏறி, வயர் முனைகள் சொருகும் குழல்களுக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும். உப்புத் தாளால் தேய்த்துச் சொருகினால் செத்த விளக்கும் எரியும்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் தமிழர் கையில் இதே சாமான்கள் புழங்கின. சென்னை பாடியில் 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. அதே காலத்தில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டைக் கட்டியது. அங்கே பாடியில் ஒரு பெரிய தொழில் வளர்ந்து, அதன் வரலாறும் பதிவானது. வட சிலாங்கூர்த் தோட்டப் பட்டறைகளில் கையில் கிரீஸோடு நின்றவர்களைப் பற்றி யாரும் நூல் எழுதியதாகத் தெரியவில்லை. ஜப்பான் கார்களும், 1985இல் புரோட்டான் சாகாவும் வந்தன. ரப்பர் செம்பனையானது, தொழிலாளர் லயங்கள் காலியாயின. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது.

தோட்டத்தில் டிரைவராகவோ மெக்கானிக்காகவோ இருந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்தத் தோட்டம், எந்த வண்டி, யாரிடம் தொழில் கற்றார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவருடைய பழைய டெஸ்ட் பல்பையும் ஹாரனையும் இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.